உட்காரும் ஏழை

செங்கல் சூளை வைத்திருந்த ஒரு மனிதர் நூற்றுப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போனார். அதன் காரணமாக லிஃப்ட்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

லிஃப்ட்காரர் பதினாலு மாடிக் காப்பீட்டுக் கட்டிடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர். யார் எந்த மாடிக்கு என்பது முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். ஒரே மகள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. மொத்தமே இருபது இடம், அதில் இவள் நாலாவது. கடிதம் வந்த அன்று மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் யாரும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. முப்பதாம் தேதிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது.

"மண்ணைப் பத்திப் படிக்கறதுக்கா இவ்வளவு பணம்?" என்றாள் மனைவி. "மண்ணு சும்மாதானே கெடக்கு?"

"அம்மா, ஏழைப் பிள்ளைங்களுக்குன்னே ஒரு நிதி இருக்காம். நோட்டீஸ் போர்டுல பார்த்தேன். ஒரு சூளைக்காரர் உயில் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார்" என்றாள் மகள்.

"அப்ப கவலையே இல்லை" என்றார் லிஃப்ட்காரர். "நம்ம ஏழைங்கறதுல யாருக்கும் சந்தேகம் வராது."

நிதியத்தின் அலுவலகம் நகரின் நடுவில், தூண் வைத்த பெரிய கட்டிடம். உள்ளே நுழைந்ததும் ஒரு நீண்ட கூடம். சுவர் முழுக்க ஆள் உயரப் படங்கள். எல்லாம் நிதியத்தின் முன்னாள் தலைவர்கள். கடைசியில், தீயணைக்கும் வாளிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் படம். அதுதான் சூளைக்காரர். அவர் உயிரோடு இருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லை என்பதால், மூன்றாம் தலைவரே பெரிய மனது பண்ணி அந்தப் படத்துக்கு உட்கார்ந்து கொடுத்திருக்கிறார்.

"விண்ணப்பம் வாங்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

செயலாளர் ஒல்லியான மனிதர். காதில் ஒரு பேனா, சட்டைப்பையில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. "விண்ணப்பம் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல வரலாறு" என்றார். "நிதியத்தோட வரலாற்றைக் கேட்டு, பரீட்சை எழுதித் தேறினவங்களுக்குத்தான் விண்ணப்பம். பொண்ணு மட்டுமில்ல, அப்பாவும் எழுதணும்."

"நான் படிக்கப் போறதில்லைங்களே சார்."

"நன்றி விசுவாசம் குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கணும் இல்லையா?"

அப்படித்தான் அந்த அரைநாள் விடுப்பு போனது. ஒரு மரப்பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார, செயலாளர் நின்றுகொண்டே இரண்டரை மணி நேரம் வரலாறு சொன்னார்.

சூளைக்காரர் தன் உயிலைச் செங்கல் அனுப்பும் ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். மொத்தம் இரண்டே வாக்கியம். 'நான் போன பின்னே சூளை, நிலம், வீடு எல்லாத்தையும் வைத்து ஏழைப் பிள்ளைகளைப் பெரிய படிப்பு படிக்க வைக்கவும். இழுத்தடிக்க வேண்டாம்.'

முதல் ஆறு வருடம் சூளையின் மேஸ்திரியும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்து இந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அலுவலகம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. யாராவது வந்து கேட்டால் கட்டணம் கட்டிவிடுவார்கள். அப்படி நாற்பத்தொரு பேர் படித்துவிட்டார்கள். நிதியத்தின் வரலாற்றில் இதற்கு 'ஒழுங்கற்ற காலம்' என்று பெயர்.

பிறகு பெரிய மனிதர்கள் தலையிட்டுக் குழு அமைத்தார்கள். குழுவின் முதல் கூட்டத்திலேயே, உயிலில் சூளைப் புழுதி படிந்து ஓர் எழுத்து மங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'ஏழைப் பிள்ளைகள்' என்று ஒரு கட்சி, 'ஏழு பிள்ளைகள்' என்று ஒரு கட்சி. வழக்கு இருபத்திரண்டு வருடம் நடந்தது. 'ஏழு ஏழைப் பிள்ளைகள்' என்று சமரசத் தீர்ப்பு வந்தது. ஏழு என்பது வருடத்துக்கா, மொத்தத்துக்கா என்று மேல்முறையீடு போனார்கள். 'பிள்ளைகள்' என்பதில் பெண்கள் சேர்த்தியா என்பதை முடிவு செய்யப் பத்தொன்பது வருடம் ஆனது.

"கடைசில சேர்த்துட்டீங்கல்ல?" என்று மகள் கவலையோடு கேட்டாள்.

"சேர்த்தாச்சு. எதிர்த்தவங்க எல்லாரும் காலமாயிட்டாங்க" என்றார் செயலாளர். "ஆனா ஒண்ணு கவனிக்கணும். உயில்ல 'படிக்க'ன்னுதான் இருக்கு. எழுதறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அதனால புத்தகத்துக்குப் பணம் தருவோம். நோட்டு, பேனா எல்லாம் உங்க செலவு."

"அந்த 'இழுத்தடிக்க வேண்டாம்'ங்கறது?" என்றார் லிஃப்ட்காரர்.

செயலாளரின் முகம் கனிந்தது. "அதை நாங்க ரொம்ப முக்கியமா எடுத்துக்கிட்டிருக்கோம். அதுக்குன்னே தனியா தாமதத் தடுப்புத் துணைக்குழு இருக்கு. முப்பத்தாறு வருஷமா இருக்கு. முதல் கூட்டத்துக்குத் தேதி பார்த்துக்கிட்டிருக்கோம்."

பரீட்சை மறுநாள். நான்காம் தலைவர் எந்த ஆண்டில் மீசையை எடுத்தார், கூடத்துத் தூண்கள் எத்தனை, வழக்கில் தோற்றவருக்கு என்ன பட்டம் கொடுக்கப்பட்டது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மகள் எண்பத்து நாலு மார்க் வாங்கினாள். லிஃப்ட்காரர் தொண்ணூற்றொன்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொஞ்சம் கர்வமாகவே சொன்னார்.

"சரி, பணம் எப்ப வரும்?" என்றாள் அவள்.

பணத்துக்கு முன்னால் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மூன்று பேர், ஒரே மாதிரி தோல்பை. இருந்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். அதை முழுசாக ஆய்வு செய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். வறுமைக்கு நூறு மார்க். எழுபது வாங்கினால் தேர்ச்சி.

முதல் ஆய்வாளர் தரையை விரலால் தொட்டுப் பார்த்தார். தூசி ஒட்டவில்லை. முகம் சுருங்கியது. "வீடு சுத்தமா இருக்கே."

"பெருக்கினோம் சார், நீங்க வர்றீங்கன்னு."

"பெருக்கறதுக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

இரண்டாமவர் தையல் மிஷினைச் சுற்றி வந்தார். "இயந்திரம் நிறுவப்பட்ட உற்பத்திக்கூடம். தொழிலாளர் எண்ணிக்கை ஒண்ணு."

"அது நான்தாங்க" என்றாள் மனைவி.

"அப்ப முதலாளி யாரு?"

"அதுவும் நான்தாங்க."

"முதலாளி" என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாமவர் ஜன்னலைத் திறந்தார். வெளியே பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, அதற்கு மேலே கொஞ்சம் வானம். "காட்சியுள்ள ஜன்னல்." பிறகு மகளின் மார்க் பட்டியலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதிர்ச்சியில் மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல. வசதி இல்லாத வீட்டுல இது எப்படிம்மா சாத்தியம்?"

"படிச்சேன் சார்" என்றாள் மகள்.

"அதான் கேக்கறேன். எப்படி?"

கடைசியாக லிஃப்ட்காரரின் வேலையைப் பற்றி விசாரித்தார்கள்.

"எத்தனை மாடிக் கட்டிடம்?"

"பதினாலு சார்."

"நீங்க எந்த மாடி வரைக்கும் போவீங்க?"

"பதினாலு வரைக்கும்தான் சார். நாளைக்கு நாப்பது அம்பது தடவை போவேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'உயர்ந்த இடங்களுக்கு அடிக்கடி சென்று வருபவர்' என்று முதலாமவர் சொல்ல, மற்ற இருவரும் எழுதினார்கள். அதைக் கேட்ட மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மகளுக்கும் தொற்றிக்கொண்டது.

"வீட்டுல இப்படித்தான் அடிக்கடி சிரிப்பீங்களா?" என்று கேட்டார் மூன்றாமவர். பதிலுக்குக் காத்திராமல் இரண்டு மார்க் குறைத்தார்.

முடிவு அறுபத்தெட்டு.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்பதால் லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை இன்னும் போகவில்லை. மகளுக்கு அன்று சான்றிதழ் சரிபார்ப்பு. அவர் மட்டும் போனார். நீள்வட்ட மேசையைச் சுற்றி ஒன்பது நாற்காலி, எட்டு பேர். நடுவில் தலைவர். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலைக் கேட்பதில் அவருக்கே அலாதிப் பிரியம்.

"ரெண்டே மார்க்குதாங்க குறையுது. முப்பதாம் தேதிக்குள்ள கட்டலைன்னா இடம் போயிடும். பாத்து ஏதாவது செய்யுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "ஏழைகளுக்குச் செய்யணும்னு எங்களுக்குள்ள இருக்கற தவிப்பு உங்களுக்குப் புரியாது. ஆனா ஏழை கிடைக்கணுமே! ஒன்பது வருஷமா தேடறோம். நானூத்து அறுபது பேர் வந்தாங்க. ஒருத்தர்கூடத் தேறலை. நாட்டுல வறுமை எவ்வளவு குறைஞ்சு போச்சுங்கறது இந்த அறையில உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியுது."

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

"நிதி என்ன ஆச்சுன்னு வெளியில சில பேர் பேசறாங்க" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "ஒண்ணும் ஆகலை. எனக்கு முன்னால இருந்தவர் எப்படி ஒப்படைச்சாரோ அப்படியே இருக்கு. பிள்ளைங்க கையில கொடுத்திருந்தா இந்நேரம் படிச்சே தீர்த்திருப்பாங்க. பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. நிதியம் நிலைச்சு நிக்கணும். உங்க விண்ணப்பம் ஒருமனதா நிராகரிக்கப்பட்டது. இதுல எனக்கு உங்களைவிட வருத்தம் அதிகம்."

லிஃப்ட்காரர் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போனார். கதவைத் திறக்கிற நேரத்தில் செயலாளர் அடுத்த கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தது காதில் விழுந்தது. அறக்கட்டளைகளைக் கவனிக்கும் அரசுத் துறையிலிருந்து வந்த கடிதம் அது. குழுவின் ஒன்பதாவது இடம் ஏழைகளின் பிரதிநிதிக்கு உரியது. பதினோரு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதை நிரப்பாவிட்டால் உறுப்பினர்களுக்கு அமர்வுப்படி கொடுப்பது நிறுத்தப்படும்.

அமர்வுப்படி என்பது ஒவ்வொரு கூட்டத்துக்கும் உறுப்பினருக்குக் கையில் கொடுக்கும் பணம். நூற்றுப் பன்னிரண்டு வருட வரலாற்றில் காணாத ஒரு சுறுசுறுப்பு அந்த அறையில் பிறந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? ஏழைக்கு எங்க போறது?" என்றார் ஓர் உறுப்பினர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"யோவ், அந்தக் கதவைச் சாத்தாதீங்க!" என்று தலைவர் கத்தினார். "லிஃப்ட்டு! கொஞ்சம் உள்ள வாங்க. உட்காருங்க, உட்காருங்க."

விஷயத்தைச் சொன்னதும் லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஐயா, இப்பதானே நான் ஏழை இல்லைன்னு சொன்னீங்க?"

"அது நிதி வாங்கறதுக்கு ஏழை" என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். "இது உட்கார்றதுக்கு ஏழை. ரெண்டுக்கும் வரையறை வேற வேற. நிதி வாங்க எழுபது மார்க் வேணும். உட்கார முப்பத்தஞ்சு போதும்."

"உட்கார்ந்து என்ன செய்யணும்?"

"உட்காரணும்."

வீட்டில் மனைவி இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "முக்காலியில நாள் முழுக்க உட்கார்ந்தா கிடைக்கறதைவிட நாற்காலியில ஒரு மணி நேரம் உட்கார்ந்தா அதிகமா கிடைக்குமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"பொண்ணுக்குக் கொடுக்க மாட்டாங்களாம், உங்களுக்குக் கொடுப்பாங்களாமா?"

"எனக்குன்னா அது நிர்வாகச் செலவாம்."

கட்டிடத்தில் காலை ஷிஃப்டை மட்டும் வைத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் கூட்டங்களுக்குப் போனார். இரண்டு வாரத்தில் பதிமூன்று கூட்டம். முதல் மூன்றும், ஏழைகளின் பிரதிநிதி உட்காரும் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கலாமா என்பதைப் பற்றி. கைப்பிடி பழகிவிட்டால் ஏழைகளைப் பிரதிபலிக்கும் திறன் மழுங்கிவிடும் என்று ஓர் உறுப்பினர் உருக்கமாகப் பேசினார். கைப்பிடிகளை அறுத்து எடுத்தார்கள். அறுத்த கைப்பிடிகளை என்ன செய்வது என்று நான்காவது கூட்டம். ஒவ்வொன்றிலும் தேநீரும் பிஸ்கட்டும் வரும், கடைசியில் அமர்வுப்படி உறை வரும்.

இருபத்தெட்டாம் தேதி மகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள். சூளைக்காரரின் பணம் ஒரு ஏழைப் பெண்ணைப் படிக்க வைத்துவிட்டது. ஆனால் அந்த விஷயம் நிதியத்துக்குத் தெரியாது.

பிறகு கூட்டங்கள் குறைந்தன, அடுத்த கட்டணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ந்தது. உட்கார உட்கார லிஃப்ட்காரருக்குப் பழகிவிட்டது. யாராவது நீளமாகப் பேசினால் எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டார். ஒருநாள் கூரை ஒழுகுகிறது என்று மனைவி சொன்னபோது, "பரிசீலனையில வைப்போம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் கையிலிருந்த கரண்டியோடு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவரே எழுந்து போய்க் கூரையைச் சரி செய்தார்.

நான்காவது மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. பேருந்துப் பணிமனையில் கிழிந்த இருக்கைகளைத் தைக்கிற ஒரு பெண். அவளுடைய மகன் கால்நடை மருத்துவம் படிக்க இடம் வாங்கியிருந்தான். ஆய்வுக்கு இந்த முறை ஏழைகளின் பிரதிநிதியும் கூடப் போக வேண்டும் என்றார்கள். போனார்.

ஒரே அறை. சுவரோரம், பணிமனையில் கழித்துப்போட்ட பழைய பேருந்து இருக்கை ஒன்று. அவளே தைத்து, அடியில் செங்கல் வைத்து நிறுத்தியிருந்தாள். "உட்காருங்கண்ணே" என்று லிஃப்ட்காரரை அதில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். மற்ற மூவரும் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோபா ஒண்ணு" என்றார் இரண்டாம் ஆய்வாளர்.

"ஐயோ சார், அது பழைய பஸ் சீட்டு" என்றாள் அவள்.

"பஸ் வேற வெச்சிருக்கீங்களா?"

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உதவிக்கு லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. மகளின் அடுத்த கட்டணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்தப் பெண் கையில் பிஸ்கட் வேறு கொடுத்திருந்தாள். அதைக் கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. வீடு திரும்பியபோதும் அந்த பிஸ்கட் கையிலேயே இருந்தது. மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னார். அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு உறை தைத்து முடித்த பிறகு, "நம்ம வீட்டுக்கு வந்தப்ப நாலாவதா ஒரு ஆள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தா அவனை என்ன திட்டு திட்டியிருப்பேன் தெரியுமா?" என்றாள்.

குழு கூடியது. அறுபத்தாறு மார்க். அந்தப் பெண் வாசல் பக்கம் நின்றாள். தலைவர் தன் தவிப்பைப் பற்றியும், ஏழை கிடைக்காத வருத்தத்தைப் பற்றியும் அதே கணீர்க் குரலில் பேசி முடித்தார். 'ஒருமனதாக நிராகரிக்கப்படுகிறது' என்று செயலாளர் ஏற்கனவே எழுதி வைத்திருந்த தாள் சுற்றி வந்தது. எட்டுக் கையெழுத்து. ஒன்பதாவதாக லிஃப்ட்காரரிடம் வந்து நின்றது.

பேனாவைத் திறந்தார். மூடினார். "ஐயா, நான் போடலைன்னா என்ன ஆகும்?"

யாரும் இதுவரை கேட்டிராத கேள்வி. செயலாளர் விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்தார். தேடுவதற்கே இருபது நிமிடம் ஆனது. அதைப் படிக்கப் படிக்க அவருடைய மூன்று பேனாக்களும் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. இரண்டாம் தலைவர் பயந்த சுபாவம் உள்ளவராம். பின்னால் யாராவது குறை சொன்னால் பழி தன் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதற்காக, எந்த நிராகரிப்பும் எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தோடுதான் செல்லும் என்று விதி போட்டிருக்கிறார். ஒரு கையெழுத்து குறைந்தாலும், விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக ஆகிவிடும்.

"அதான் ஒன்பதாவது இடத்தை நிரப்பாம வெச்சிருந்தாங்களா, முன்னாடி இருந்தவங்க!" என்று ஓர் உறுப்பினர் முணுமுணுத்தார்.

தலைவர் எழுந்து வந்து லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "உங்க பொண்ணுக்கு அடுத்த கட்டணம் எப்ப?"

"மூணு மாசத்துல ஐயா."

"நல்லாப் படிக்கறாளாமே. யோசிச்சுப் போடுங்க."

லிஃப்ட்காரர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். கட்டணத்தை யோசித்தார், மகள் கண்ணாடிக் குப்பிகளில் மண் நிறைத்து ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பதை யோசித்தார். கை தானாகக் கைப்பிடியைத் தேடியது. கைப்பிடி இல்லாத நாற்காலி என்பதால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

"ஐயா, அந்த பஸ் சீட்டுல நான் உட்கார்ந்து பார்த்தேன்" என்றார். "நடுவுல பெரிய பள்ளம். ஸ்பிரிங் குத்துது. அதை சோபான்னு என்னால எழுத முடியாது. நான் பேச வரலை, உட்கார்றதுக்குத்தானே வந்தேன்? உட்கார்ந்து பார்த்ததைச் சொல்றேன்."

பேனாவை மேசையில் வைத்தார். வாசல் பக்கம் அந்தப் பெண் என்ன நடக்கிறது என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் வரையறைத் துணைக்குழு அவசரமாகக் கூடியது. நான்கு மாதமாகத் தவறாமல் அமர்வுப்படி வாங்கிய ஒருவர் இனி ஏழையாக இருக்க முடியாது. எனவே ஏழைகளின் பிரதிநிதி நீக்கப்படுகிறார் என்று தீர்மானம். ஆனால் நீக்கமும் ஒருவகை நிராகரிப்புதான் என்று செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒன்பது கையெழுத்தும் வேண்டும்.

தீர்மானம் நேராக லிஃப்ட்காரர் முன்னால் வந்தது.

"போடறேன் ஐயா, எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார் அவர் பணிவாக. "அந்தப் பையனோட கட்டணம் காலேஜ்ல ஏறட்டும். அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து. ரசீதைப் பார்த்ததும் போடறேன்."

"இது மிரட்டல்!" என்றார் தலைவர்.

"இல்லைங்க. பரிசீலனையில வெச்சிருக்கேன்."

பதினோரு நாளில் பணம் ஏறியது. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லிஃப்ட்காரர் தன்னை நீக்கும் தாளில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். யாரும் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அந்தப் பெண் மட்டும் வெளியே படிக்கட்டில் காத்திருந்தாள். "உங்க முக்காலி கிழிஞ்சிருந்தா சொல்லுங்கண்ணே, மெத்தை வெச்சுத் தைச்சுத் தர்றேன்" என்றாள்.

அடுத்த கட்டணத்துக்கு வீடே மூச்சு முட்டியது. லிஃப்ட்காரர் மீண்டும் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். மனைவி ஒரு விடுதிக்குத் திரைச்சீலை தைக்கும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மண் தட்டுகள் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில் கட்டினார்கள். அதற்கடுத்ததையும் அப்படித்தான் கட்டினார்கள். அவள் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள்.

ஒரு வருடம் கழித்து நிதியம் தன் வரலாற்றைத் தடிமனான புத்தகமாக வெளியிட்டது. பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒன்று வந்தது. மகள் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் இப்போதைய தலைவரின் வண்ணப் படம். அறுநூறு பக்கம். சாப்பிட உட்கார்ந்தபோது கடைசி அத்தியாயத்திலிருந்து அவள் சத்தமாகப் படித்தாள்.

"'ஒன்பதாண்டு இடைவிடாத தேடலின் பயனாக, தலைவரின் தொலைநோக்கினால் தகுதியான ஏழை மாணவர் ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டு, ஐந்தாண்டுக் கட்டணமும் ஒரே தவணையில் வழங்கப்பட்டது. இழுத்தடிக்க வேண்டாம் என்ற நிறுவனரின் ஆணை இவ்வாறு நிறைவேற்றப்பட்டது.'"

"உங்கப்பா பேர் இருக்கா பாரு" என்றாள் மனைவி.

மகள் பக்கத்தைப் புரட்டினாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "'இக்காலத்தில் ஏழைகளின் பிரதிநிதியாக ஒருவர் நான்கு மாதம் அமர்ந்திருந்தார். வசதி வந்துவிட்டதால் விலகிக்கொண்டார்.'"

லிஃப்ட்காரருக்குப் புரையேறிவிட்டது. மகள் தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் காலிக் குடத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"வசதி வந்தவரே, தெருக்குழாய்ல தண்ணி நிக்கப் போகுது. போய்ப் பிடிச்சுட்டு வந்து சாப்பிடுங்க."